கடாரம் கற்பிக்கும் தொண்டு நெறி

திருவிழா மலர்களைப் புரட்டும்போது கடாரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றேனும் நம் கண்ணில் படாமல் இராது. மாமன்னன் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்றான் என்பதும், அதனால் ‘கடாரங்கொண்டான்’ எனப் பெயர் பெற்றான் என்பதும் கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். வென்றவனைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கு வந்து தங்கிச் சென்றவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. சோழர் படையெடுப்புக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் தங்கிக் காற்றுக்காகக் காத்திருந்த துறவியர் உண்டு. அவர்களுள் ஒருவர் எழுதி வைத்த ஒரு சிறு செய்தி, ஆலயத் தொண்டு குறித்து என் மனத்தில் நெடுநாள் உறுத்திக் கொண்டிருந்த கேள்வி ஒன்றுக்கு விடை தந்தது. அதனை மெய்யன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றுக்காகக் காத்திருந்தோர்

சீன நாட்டுப் பௌத்தத் துறவியாகிய இத்சிங் 635-ஆம் ஆண்டு பிறந்தவர். புத்தர் பிறந்த நாட்டில் துறவோர் எவ்வாறு வாழ்கின்றனர், எந்த ஒழுக்க விதிகளைக் கைக்கொள்கின்றனர் என்பதை நேரில் கண்டறிய விழைந்த அவர், 671-ஆம் ஆண்டில் சீனத்தின் தென்கரையிலிருந்து பாரசீகக் கப்பல் ஒன்றில் புறப்பட்டார். இருபது நாளுக்குள் சுமத்திராவிலிருந்த ஸ்ரீவிஜயத்தை அடைந்து, ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அடுத்து மலாயு நாட்டில் இரண்டு திங்கள் தங்கினார். அதன் பின்னர் அவர் வந்து சேர்ந்த இடம் கடாரம். சீன எழுத்தில் ‘கியே-சா’ என அவர் குறித்துள்ள துறை நம் கெடாவே என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோர் துணிபு.

சீன ஆண்டின் பன்னிரண்டாம் திங்களில் அரசனுடைய கப்பலில் ஏறி இங்கிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, நிக்கோபார்த் தீவுகள் வழியாக 673-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வங்கக் கரையிலுள்ள தாம்ரலிப்தியை அவர் அடைந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாத அவருடைய பயணத்தில் கடாரம் ஒரு நடுவழித் தங்கல்.

வூ-சிங் என்னும் மற்றொரு துறவியின் பயணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர் ஸ்ரீவிஜயத்திலிருந்து பதினைந்து நாளில் மலாயுவையும், மேலும் பதினைந்து நாளில் கடாரத்தையும் அடைந்தார். குளிர்காலத்தின் இறுதி வரையில் இங்கே காத்திருந்தார். பிறகு மேற்கு நோக்கிக் கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினத்தில் இறங்கினார். நம் பாட்டன்மார் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கடல்வழியை, அதற்குப் பன்னிரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எதிர்த் திசையில் கடந்த ஒருவரின் கதை இது. இச்செய்திகளை இத்சிங்கே எழுதி வைத்துள்ளார்.

பாய்க்கப்பல் காலத்தில் பயணிகளின் விருப்பத்துக்குக் கப்பல் புறப்படாது. சீனத்திலிருந்து தெற்கே வருவதற்கும் வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். இங்கிருந்து வங்கக் கடலைக் கடப்பதற்கும் அதே காற்று வேண்டும். ஒரு பருவத்தில் வந்தவர் அடுத்த பருவம் வரையில் தங்கியே ஆக வேண்டும். கடலோடிகளுக்கு வழிகாட்டும் அடையாளமாக உயர்ந்து நின்றது குனோங் ஜெராய் மலை. அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் சுற்றி, வணிகரும் துறவியரும் தங்கும் துறைகள் தோன்றின. 1936-37-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இப்பகுதியில் முப்பது இடங்களை அகழ்ந்து ஆராய்ந்தார். 2023-ஆம் ஆண்டில் புக்கிட் சோராஸ் குன்றில் நடந்த அகழாய்வில் பௌத்த வழிபாட்டுக் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது.

இன்று பூஜாங் பள்ளத்தாக்கிற்குச் செல்வோர் அங்கே காண்பது கருங்கல்லாலும் செங்கல்லாலும் லேட்டரைட் கல்லாலும் கட்டிய அடித்தளங்களையே. மரத்தாலும் ஓலையாலும் ஆன மேற்பகுதிகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. இறைவன் இருந்த இடம் தெரிகிறது. அவ்விடத்தைப் பெருக்கியவரும், தண்ணீர் சுமந்தவரும், வந்தவர்க்குச் சோறு வடித்தவரும் இருந்த இடம் தெரியவில்லை.

வெள்ளாடை மாணாக்கர்

அந்த மறைந்த மக்களின் நிழல் இத்சிங்கின் நூலில் தெரிகிறது. அவர் நாளந்தாவில் ஏறத்தாழ பத்தாண்டுகள் வாழ்ந்து கற்றவர். தென்கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் கண்ட துறவோர் வாழ்க்கையை நாற்பது இயல்களாக எழுதினார். ஜப்பானிய அறிஞர் தகாகுசு 1896-ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அம்மொழிபெயர்ப்பைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

நாளந்தாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் வருவாய் அதற்குரியதாக இருந்தது. பொழுதை அளக்க நீர்க்கடிகாரம் வைத்திருந்தனர். காலையில் மணி ஒலித்ததும் நூற்றுக்கணக்கானோர் குளங்களுக்கு நீராடச் செல்வர். இவற்றையெல்லாம் வியப்போடு படித்துக் கொண்டே வந்தபோது ஓரிடத்தில் என் விரல் நின்றது.

துறவோர் பள்ளியில் துறவு பூணாத வெள்ளாடையினர் இரு வகையினர் தங்கியிருந்தனர் என்கிறார் இத்சிங். பின்னாளில் துறவு ஏற்கும் எண்ணத்தோடு சமய நூல்களைக் கற்போர் ஒரு வகையினர்; அவர்களுக்கு ‘மாணவர்’ என்று பெயர். உலகை விட்டு நீங்கும் எண்ணம் சிறிதும் இன்றி, பிற கல்வியை மட்டும் கற்க வந்து தங்குவோர் மற்றொரு வகையினர். அவர்களுக்குப் ‘பிரமசாரி’ என்று பெயர். இவ்விரு வகையினரும் ஆசிரியர்க்குரிய பணிவிடைகளைச் செய்து கொண்டு, காலம் முடிந்ததும் தத்தம் வழி செல்லலாம்.

இவர்கள் எதை உண்பது? இதற்கு அக்காலத்திலேயே விதி இருந்தது. அவர்கள் தம் செலவிலேயே உண்ண வேண்டும். சங்கத்தின் பொதுச்சொத்திலிருந்து அவர்களுக்கு உணவளிப்பது தகாது. ஆயினும் அவர்கள் சங்கத்துக்காக உடல் வருந்தி உழைத்திருப்பாராயின், உழைப்பின் தகுதிக்கேற்பச் சங்கம் அவர்களுக்கு உணவளிக்க வேண்டும். கொடையாளர் ஒருவர் அவர்களுக்கென்றே வழங்கிய உணவை அவர்கள் உண்பதிலும் குற்றமில்லை.

எவ்வளவு நுட்பமான விதி பாருங்கள்! பொதுப்பணத்துக்கு இதில் காவல் இருக்கிறது. உழைத்தவன் வயிற்றுக்கும் இதில் காவல் இருக்கிறது.

தாம்ரலிப்தியில் தாம் கண்ட பள்ளியைப் பற்றியும் அவர் ஒரு செய்தி கூறுகிறார். அங்கு எந்தச் செயலும் அவையின் இசைவோடுதான் நடந்தது. அவையைக் கேளாமல், தன் விருப்பம் ஒன்றையே கொண்டு ஒருவர்க்கு நன்மையோ தீமையோ செய்பவனைக் ‘குலபதி’ என்று இகழ்ந்து வெளியேற்றினர். பொது இடத்தைத் தன் சொந்த வீடு போல் ஆள்பவன் என்பது அதன் கருத்து. இந்தச் சொல் என்னை ஏன் சுட்டது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நாகையில் எழுந்த கடாரத்துப் பள்ளி

கடாரத்தில் தங்கியவர்கள் நாகைக்குச் சென்றது போலவே, கடாரத்து அரசனின் கொடையும் நாகைக்குச் சென்றது. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாக விளங்கிய மாறவிசயோத்துங்க வர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணி வர்ம விகாரத்தை எழுப்பினான். சைவப் பற்று மிக்க முதலாம் இராசராசன், தனது 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டளவில், அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வூரிலிருந்து ஆண்டுதோறும் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் கலத்துக்கும் மேற்பட்ட நெல் பள்ளிக்குச் சேர வேண்டியிருந்தது. தந்தை வாய்மொழியாகக் கொடுத்த கொடையை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். அச்செப்பேடுகள் பின்னாளில் ஒல்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. கடாரத்து அரசன் பௌத்தப் பள்ளியோடு நின்றுவிடவில்லை. நாகைக் காரோணம் சிவன் கோயிலுக்கும் அவன் சார்பில் கொடைகள் வழங்கப்பட்டதை அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன.

அரசன் பெயர் தெரிகிறது. ஊரின் எல்லைகள் தெரிகின்றன. நெல்லின் அளவு கலக்கணக்கில் தெரிகிறது. அத்தனை நெல்லையும் குற்றிச் சோறாக்கியவர் யார்? கடல் கடந்து களைத்து வந்தவர்க்கு இலை போட்டவர் யார்? செப்பேட்டில் அதற்கு இடமில்லை. அப்பள்ளியின் எஞ்சிய செங்கற் கோபுரமும் 1867-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

துறவாமல் தங்கும் வழக்கம்

துறவு ஏற்காமலே துறவோர் இல்லத்தில் சில காலம் வாழ்ந்து, உழைத்து, கற்று, வீடு திரும்பும் இவ்வழக்கம் நம் தமிழ் மரபுக்கும் புதிதன்று. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிறந்தவர். 1871-ஆம் ஆண்டு முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, அவருடன் திருவாவடுதுறை ஆதீனத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அவர் துறவியல்லர், அப்போதே திருமணமானவர். ஆதீனம் அவரை ஆதரித்தது. 1876-ஆம் ஆண்டில் ஆசிரியர் மறைந்த பின்னர், அவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக் கொண்டே மடத்து மாணாக்கர்க்குத் தாமும் பாடம் சொன்னார். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். ஒரு மடம் ஓர் இல்லறத்தானுக்குச் சில ஆண்டுகள் இடமளித்ததன் பயனைத் தமிழுலகம் இன்றளவும் நுகர்ந்து வருகிறது.

நம் கெடா மாநிலத்திலேயே இவ்வழக்கத்தை இன்றும் காணலாம். இங்கு வாழும் சயாமிய வழியினர் தம் ஆண்மக்களைச் சில நாளோ சில வாரமோ மழைக்காலம் மூன்று திங்களோ துறவு பூணச் செய்கின்றனர். பெற்றோர்க்கு, சிறப்பாகத் தாய்க்கு, அதனால் புண்ணியம் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. காலம் முடிந்ததும் அவ்விளைஞர் காவியைக் களைந்து வழக்கமான தொழிலுக்குத் திரும்புகின்றனர். தாய்லாந்து மன்னர் பூமிபோலே 1956-ஆம் ஆண்டில் பதினைந்து நாள் துறவியாக வாழ்ந்தார் என்றால் இவ்வழக்கத்தின் பெருமை விளங்கும்.

தோட்டத்துக் கோயிற் கொட்டகை

நம்மிடம் இவ்வழக்கம் இல்லையா? இருந்தது. அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பிறந்து வளர்ந்தது ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையில் படித்தேன். பள்ளிக்கு அடுத்து மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை. என் தாய்மாமன் பால்வெட்டுத் தொழிலாளி. வேலைக்குச் சென்றால்தான் கூலி. ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே கிராணியாரிடம் சொல்லிவிட்டு, பாயும் தலையணையுமாக அக்கொட்டகைக்கு வந்துவிடுவார். அந்நாட்களுக்குரிய கூலி அவருக்கு இல்லை. லயத்து வீடு கூப்பிடு தொலைவில் இருந்தும் திருவிழா முடியும் வரையில் அவர் வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை.

அவரைப் போல் நான்கைந்து பேர் இருந்தனர். விறகு பிளப்பது, பந்தற்கால் நடுவது, தென்னங்கீற்று முடைவது, விளக்குகளைப் புளியிட்டுத் துலக்குவது, இரவில் காவல் இருப்பது ஆகிய எல்லாம் அவர்கள் பணி. தரையில் படுத்து, விடியுமுன் குளித்து, ஒருபொழுது உண்டு அவர்கள் வாழ்ந்த அந்நாட்களில் அக்கொட்டகை ஒரு மடமாகவே இருந்தது.

மாமனிடம் ஒரு வழக்கம் உண்டு. காப்புக்கட்டும் நாள் வரையில் தகர டப்பாவில் தாம் கொண்டு வந்த அரிசியைத் தாமே பொங்கி உண்பார். காப்புக் கட்டிய பிறகே கோயில் உணவு. அதுவும் கடைசிப் பந்தியில். காரணம் கேட்டேன்.

“மாப்பிள்ளை, வேலை செஞ்சிட்டுச் சாப்பிட்டா அது பிரசாதம். சும்மா சாப்பிட்டா அது கடன்” என்றார்.

இத்சிங் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் துறவோர் பள்ளியில் நிலவிய அதே விதியை அத்தகரக் கொட்டகையில் அவர் காத்து வந்தார்.

நான் செய்த பிழை

இனி, என்னைச் சுட்ட அச்சொல்லுக்கு வருகிறேன். அரசுப் பணியில் சேர்ந்து, கணக்குகளைச் சரிபார்ப்பதே தொழிலாகிப் போன எனக்கு, சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆலயத்தின் பொருளாளர் பொறுப்புக் கிட்டியது. திருவிழாச் செலவுப் பட்டியலில் ‘தங்கும் தொண்டர் உணவு’ என்று ஓர் இனம் இருந்தது. அதற்கு உபயகாரர் எவரும் இல்லை. பத்து நாளுக்கு மூன்று வேளை உணவு என்பது வீண்செலவாக எனக்குத் தோன்றியது. தொண்டு செய்வோர் வீட்டில் உண்டுவிட்டு வரலாமே என்று எண்ணி, செயலவையைக் கலந்து பேசாமல், சிவப்பு மையால் அவ்வினத்தை அடித்துவிட்டேன்.

துண்டாடப்பட்டுக் கைமாறிய ஒரு தோட்டத்திலிருந்து, இரண்டு பேருந்து மாறி ஆண்டுதோறும் வந்து தங்கும் முதியவர் ஒருவர் இருந்தார். விளக்குகள் அனைத்தும் அவர் பொறுப்பு. அவ்வாண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் வாங்கிய ரொட்டியைக் கொட்டகையின் ஓரத்தில் அமர்ந்து உண்டதை நான் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. மறு ஆண்டு அவர் வரவில்லை. எந்த விளக்கு எந்தச் சந்நிதிக்கு உரியது, தேர்விளக்கின் திருகாணி எங்கே இருக்கிறது என்பவை எவருக்கும் தெரியாமல் கொடியேற்ற நாளன்று நாங்கள் தடுமாறினோம். அதன் பிறகே அவரைத் தேடிச் சென்றேன். வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்கு ஜொகூருக்குப் போய்விட்டதாக அண்டை வீட்டார் கூறினர். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

பட்டியலில் நான் மிச்சம் பிடித்த தொகை சில நூறு வெள்ளி. தனிமையில் வாழ்ந்த ஒரு மனிதருக்கு ஆண்டில் பத்து நாள் அம்பாளின் நிழலில் பலரோடு வாழக் கிடைத்த இடத்தை அதற்காக நான் பறித்துவிட்டேன். இத்சிங்கின் நூலில் ‘குலபதி’ என்னும் சொல்லைப் படித்தபோது, அவர் என்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

ஒரு விண்ணப்பம்

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் எனப் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்கின்றனர். திருவிழாவன்று ஒரு நாள் வந்து, அருச்சனை செய்து, அன்னதானத்தில் உண்டு, மாலையில் திரும்புகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தங்குவதற்கு அவர்களை நாம் அழைத்தோமா என்பதே என் கேள்வி.

ஆகவே செயலவைப் பெருமக்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். திருவிழாக் கணக்கில் ‘தொண்டர் அமுது’ என்னும் இனம் அவையின் முடிவோடு நிலையாக இடம்பெற வேண்டும். காப்புக்கட்டு முதல் விடையாற்றி வரையில் தங்கிப் பணிபுரிய விரும்புவோர்க்கு, ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே, கூரையும் குளியலறையும் உள்ள இடம் வேண்டும். உபயகாரர் பெயர்கள் அச்சாகும் இம்மலரில் தங்கிப் பணி செய்தோர் பெயர்களும் ஒரு பக்கத்தில் அச்சாக வேண்டும்.

பொதுப்பணம் வீணாகுமோ என்று அஞ்சுவோர்க்குப் பழைய விதியே விடை. வந்து தங்குவோர் உழைக்கட்டும், உழைத்தோர் உண்ணட்டும். அதற்கென்றே உபயம் தர முன்வரும் அன்பர் இருப்பின் இன்னும் சிறப்பு. முதல் உபயம் என்னுடையதாக இருக்கட்டும். அது கொடையன்று, நான் பட்ட கடன்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஆண்டு விடுப்பில் பத்து நாள் வேண்டா. மூன்று நாள் போதும். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பாயோடு வாருங்கள். விளக்குத் துலக்கக் கற்றுக் கொள்ளுங்கள். கற்றுத் தரத் தெரிந்தவர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர்.

கடாரத்தில் காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் சென்று மறைந்தனர். அவர்க்குச் சோறிட்டவர் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. நம் காலத்தில் அம்பாளுக்குப் பணி செய்வோர் பெயரேனும் இம்மலரில் நிலைபெறட்டும். தங்கிப் பணி செய்வோர்க்கும் அவர்க்கு அமுது படைப்போர்க்கும் அன்னையின் திருவருள் என்றும் துணை நிற்பதாக.